தீவு ஆய்விதழுக்கு ஆசிரியர் தேடுவது

1894இல் ரிச்சர்ட் கார்னக் டெம்பிள் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைமை ஆணையராகப் போர்ட் பிளேருக்கு வந்தபோது அவரிடம் ஏற்கெனவே இன்னொரு வேலை இருந்தது. 'இந்தியன் ஆன்டிக்வரி' ஆய்விதழுக்கு அவர்தான் ஆசிரியர். ஜேம்ஸ் பர்ஜஸ் 1872இல் பம்பாயில் தொடங்கிய இதழ் அது. 1885 முதல் ஜே. எஃப். ஃப்ளீட்டும் டெம்பிளும் சேர்ந்து நடத்தினார்கள். ஃப்ளீட் விலகிய பிறகு டெம்பிள் தனியாக நின்றார். அச்சகம் பம்பாய் பைகுல்லாவில் இருந்தது. ஆசிரியரோ கப்பல் வந்தால்தான் தபாலைப் பார்க்கக்கூடிய தீவில் இருந்தார். இருந்தும் இதழ் நிற்கவில்லை. செல்லுலார் சிறையைக் கட்டத் தொடங்கியது 1896இல், அவருடைய நிர்வாகத்தில். ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான் நிக்கோபாரியர் பற்றி ஈ. எச். மேன் எழுதிய குறிப்புகளும், பதினெட்டாம் நூற்றாண்டு வங்காள அரசு ஆவணங்களில் அந்தமானைப் பற்றி இருந்த பகுதிகளும் அவருடைய இதழில் தொடராக வந்தன. கைதிக் குடியிருப்பின் மேலதிகாரியே பழங்குடி வழக்காறுகளை அச்சேற்றும் இதழுக்கும் ஆசிரியர் என்பது இன்று உறுத்தும். அன்று அது வழக்கமான ஏற்பாடு.

டெம்பிளை அந்தப் பதவிக்கு யார் தேர்ந்தெடுத்தார்கள்? யாருமில்லை. இதழ் அவர் சொத்து. பிற்காலத்தில் டி. ஆர். பண்டார்கரையும், சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ். கிருஷ்ணசாமி அய்யங்காரையும், ஓல்டாமையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். 1931இல் டெம்பிள் இறந்தார். 1933இல் இதழ் நின்றது. அய்யங்காரும் பண்டார்கரும் சாமானியர்கள் அல்லர். இதழை நடத்தும் அறிவுக்குக் குறைவில்லை. ஆனால் அறிவு ஒருவரிடமும் உடைமை வேறிடத்திலும் இருக்கும்போது, உடைமை போனால் அறிவு மட்டும் நின்று தாங்குவதில்லை.

டெம்பிளுக்கு முன்பே அந்தமானோடு தொடர்புள்ள இன்னொரு உரிமையாளர்–ஆசிரியர் உண்டு. காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவர் என்று பள்ளிப் பாடத்தில் நாம் படித்த ஏ. ஓ. ஹியூம், பறவையியலுக்காகவே 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்' என்ற இதழை 1872இல் தொடங்கினார். 1873 மார்ச்சில் 'ஸ்கோஷியா' கப்பலில் அந்தமான் நிக்கோபார் தீவுகளைச் சுற்றினார். நார்கொண்டம் தீவில் மட்டும் வாழும் இருவாச்சிக்கும், அந்தமான் கிளுவைக்கும் அறிவியல் பெயர் முதன்முதலாக அச்சில் வந்தது அந்த இதழில்தான். கட்டுரையை எழுதியவர், ஏற்றவர், திருத்தியவர், செலவு செய்தவர் எல்லாம் ஒருவரே. பிறகு 1880களின் நடுவில், சிம்லா வீட்டில் அவர் சேர்த்து வைத்திருந்த கையெழுத்துப் பிரதிகள் பழைய காகிதமாக விலை போயின. மனம் வெறுத்த ஹியூம் தன் பறவைச் சேகரிப்பை லண்டனுக்குக் கொடுத்துவிட்டு விலகினார். இதழ் தள்ளாடி, அந்தப் பத்தாண்டின் இறுதியில் நின்றது.

இந்த இருவர் காலத்தில் 'புதிய தலைமைப் பதிப்பாசிரியரைத் தேர்வு செய்வது' என்ற கேள்வியே எழவில்லை. இதழ் ஒரு சங்கத்துக்கோ நிறுவனத்துக்கோ சொந்தமாகும்போதுதான் அது எழுகிறது. எழுந்த பிறகும் பெரும்பாலும் தவறான இடத்தில் எழுகிறது. 'யார் பெரிய விஞ்ஞானி?' என்று கேட்கிறோம். என் கட்சி வேறு. அந்த நாற்காலிக்கு என்ன காலவரை, எத்தனை உதவிக் கைகள், மேலதிகாரியின் கட்டுரையைத் திருப்பி அனுப்ப எவ்வளவு உரிமை என்பதை முதலில் எழுதி வைக்க வேண்டும். அதற்குப் பிறகு ஆள் தேடினால் நடுத்தரமானவர் வந்தாலும் இதழ் பிழைக்கும். எழுதி வைக்காமல் தேடினால் மேதை வந்தாலும் பிழைக்காது. இது எங்கும் பொருந்தும். அந்தமான் போன்ற சின்ன இடத்தில் இன்னும் வெளிப்படையாகத் தெரியும்.

போர்ட் பிளேர் (2024 செப்டம்பர் முதல் அரசுக் கணக்கில் ஸ்ரீ விஜய புரம்) சின்ன ஊர்தான். ஆனால் அதற்குள் இருக்கும் ஆய்வு நிறுவனங்களின் எண்ணிக்கை வியப்பூட்டும். மானுடவியல் ஆய்வகம், தாவரவியல் ஆய்வகம், விலங்கியல் ஆய்வகம் ஆகிய மூன்று மத்திய நிறுவனங்களின் மண்டல நிலையங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மையம். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கடல்சார் துறை. காராச்சர்மாவில் 1978இல் அமைந்த மத்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம். வண்டூரில் சென்னை முதலைப் பண்ணையின் முயற்சியால் உருவான அந்தமான் நிக்கோபார் சுற்றுச்சூழல் குழுவின் களநிலையம் தனி. காராச்சர்மா வளாகத்தை மையமாகக் கொண்டு இயங்கும் அந்தமான் அறிவியல் சங்கம் 1985 முதல் தனக்கென ஓர் ஆய்விதழ் வைத்திருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் நான்கு லட்சம் பேர்கூட இல்லாத ஒரு பிரதேசத்துக்குச் சொந்தமாக அறிவியல் இதழ் இருப்பது சாதாரணமல்ல. தமிழ்நாட்டில் அதைவிடப் பெரிய மாவட்டங்கள் பலவற்றுக்கு இல்லை.

இப்படிப்பட்ட இதழுக்கு ஆசிரியர் எங்கிருந்து வருவார்? தீவில் வேலை பார்க்கும் மத்திய அரசு விஞ்ஞானிகளிடமிருந்துதான். அவர்களில் பெரும்பாலோர் மெயின்லேண்டிலிருந்து வந்தவர்கள். சில ஆண்டுகள் கழித்து மாற்றல் கேட்பார்கள், கிடைக்கும், போவார்கள். பிள்ளைகளின் கல்லூரி, ஊரில் வயதான பெற்றோர் என்று ஒவ்வொருவருக்கும் நியாயமான காரணம் இருக்கும். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஓர் ஆய்விதழின் ஆசிரியர் வேலையைப் புரிந்துகொள்ளவே ஓராண்டு ஆகும். இரண்டாம் ஆண்டு மதிப்பீட்டாளர்களின் வட்டம் கூடும். மூன்றாம் ஆண்டு, தாமதமான இதழ் ஒழுங்குக்கு வரும் நேரத்தில், மாற்றல் உத்தரவும் வரும்.

வேலை என்ன என்பதை வெளியில் இருப்பவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். வந்த கட்டுரை இதழின் எல்லைக்குள் அடங்குமா என்று பார்த்து, அடங்காததை நாட்கணக்கில் காக்க வைக்காமல் திருப்புவது முதல் வேலை. அடங்குவதற்கு மதிப்பீட்டாளர் தேட வேண்டும். இரண்டு பேர் ஒப்புக்கொள்ள ஆறேழு பேருக்கு எழுத வேண்டியிருக்கும். ஒப்புக்கொண்டவர் ஒருவர் காணாமல் போவார். ஒருவர் 'ஏற்கலாம்' என்றும் மற்றவர் 'குப்பை' என்றும் எழுதி அனுப்பினால் முடிவு ஆசிரியருடையது. புள்ளியியல் பிழை, வேறிடத்தில் எடுத்த படம், களத்துக்கே வராத துறைத்தலைவரின் பெயர் கட்டுரையின் தலையில், ஆறு மாதம் கழித்து வரும் புகார் என்று எல்லாம் அவர் மேசைக்கே வரும். இதற்கெல்லாம் மேல், மறுப்புக் கடிதம் எழுதும் கலை. சின்ன இடத்தில் அது கலையைவிடத் தைரியம். காலையில் கட்டுரையை மறுத்தவரை மாலையில் அபர்தீன் பஜாரில் பார்க்க நேரும். எழுதியவர் பெயரை மறைத்து மதிப்பிடும் முறை தீவில் ஏறக்குறைய வேடிக்கைதான். குறிப்பிட்ட ஒரு கடற்பாசியையோ ஒரு தென்னை ரகத்தையோ பற்றிக் கட்டுரை வந்தால், அதை எழுதக்கூடியவர்கள் யார் என்று பக்கத்து அறைக்காரருக்கே தெரியும்.

இவை எல்லா இதழுக்கும் பொதுவான தலைவலிகள். அந்தமானுக்கே உரியவை வேறு. ஜாரவாக்கள், ஓங்கிகள், சென்டினல் தீவினர் பற்றிய கட்டுரை என்றால், 1956ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி அனுமதி பெற்று எடுத்த தரவா என்று ஆசிரியர் கேட்டாக வேண்டும். தரவு எவ்வளவு அரியதாக இருந்தாலும் கேட்க வேண்டும். அரியதாக இருந்தால் கூடுதலாகவே கேட்க வேண்டும். வடக்கு அந்தமானின் சுண்ணாம்புக் குகைகளில் கூடு கட்டும் உழவாரன்களின் கூட்டுக்குக் கள்ளச்சந்தையில் விலை அதிகம். அந்தத் திருட்டால் அவற்றின் எண்ணிக்கை சரிந்ததைக் கோவை சலீம் அலி மையத்தின் ரவி சங்கரன் பல ஆண்டுகள் ஆவணப்படுத்தினார். அப்படிப்பட்ட குகையின் ஜி.பி.எஸ். புள்ளியைக் கட்டுரையில் அச்சிடலாமா? அறிவியலின் வழக்கப்படி இடத்தைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும். சொன்னால் திருடனுக்கும் வழி தெரியும். இன்னொன்று: 2011 நவம்பரில் கிரேட் நிக்கோபாரில் இதுவரை பெயரிடப்படாத ஒரு கானாங்கோழி இனத்தைச் சேர்ந்ததாகத் தோன்றும் பறவையின் படம் கிடைத்தது. உடல் மாதிரி இல்லை. புதிய இனம் என்று அறிவிப்பதா, 'புதியதாகத் தோன்றுகிறது' என்று நிறுத்திக்கொள்வதா? அதைப் பற்றிய குறிப்பு அச்சானபோது இரண்டாம் வழியே எடுக்கப்பட்டது. அதுவே சரி என்பது என் கருத்து. இப்படி முடிவெடுக்கத் துறை அறிவு போதாது. தீவின் அறிவு வேண்டும்.

இதில் இன்னும் கடினமான பக்கம் கிரேட் நிக்கோபார் திட்டம். கலாத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், நகரியம், மின்நிலையம் என விரியும் அந்தத் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. அதே விரிகுடாவில்தான் ஏழுவரி ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. பவளம், கடலாமை, மெகபோடு பறவை ஆகியவற்றின் பாதுகாப்புப் பணிகளில் விலங்கியல் ஆய்வகமும், டேராடூன் வனவிலங்கு நிறுவனமும், சலீம் அலி மையமும் ஈடுபடுத்தப்பட்டுள்ளன. அதாவது, இத்தீவுகளின் பல்லுயிர் பற்றி நன்றாக மதிப்பீடு எழுதக்கூடியவர்களில் பெரும்பகுதியினர் ஏதோ ஒரு வகையில் திட்டத்தோடு நிறுவன ரீதியாகத் தொடர்புள்ளவர்கள். நாளை அந்த விரிகுடாவின் ஆமைக் கணக்கு பற்றி ஒரு கட்டுரை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியரே ஓர் அரசு ஊழியர். அவர் நேர்மையற்றவர் என்று நான் சொல்லவில்லை. அவர் எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் நம்ப மாட்டார்கள் என்பதுதான் சிக்கல். இதற்கு வழி உண்டு: அந்தக் கட்டுரையின் பொறுப்பை முழுவதும் தீவுக்கு வெளியே உள்ள, தொடர்பில்லாத இணையாசிரியரிடம் ஒப்படைத்து, ஒப்படைத்ததைக் கட்டுரையின் அடியிலேயே அச்சிட வேண்டும். அப்படி ஒப்படைக்க முன்கூட்டியே ஒருவர் இருக்க வேண்டும். சண்டை வந்த பிறகு தேடினால் அவருக்கும் முத்திரை குத்திவிடுவார்கள்.

அப்படியானால் தலைமைப் பதிப்பாசிரியரையே மெயின்லேண்டிலிருந்து கொண்டுவந்துவிடலாமே என்று தோன்றும். முன்பு அது நடைமுறையில் கடினம். சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாள் தொலைவு. இணையமோ செயற்கைக்கோள் வழியாக, விலை அதிகம், வேகம் குறைவு. 2020 ஆகஸ்டில் சென்னைக்கும் தீவுகளுக்கும் இடையே சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் செயல்பாட்டுக்கு வந்த பிறகு அந்தக் காரணம் ஏறக்குறைய போய்விட்டது. சிதம்பரத்துக்கருகே பரங்கிப்பேட்டையிலோ கொச்சியிலோ உட்கார்ந்து போர்ட் பிளேர் இதழை நடத்த முடியும். டெம்பிள் செய்ததைத் திருப்பிப் போட்ட கதை. ஆனால் நான் இதற்கு முழு ஆதரவு இல்லை. மாற்றல் பயம் இல்லாதவர், மேலதிகாரிக்கு அடங்க வேண்டாதவர் என்ற இரு நன்மைகளும் உண்மையே. அதற்கு விலையாக, மேலே சொன்ன தீவின் அறிவு போய்விடும். நாளடைவில் இதழ் 'வெப்பமண்டலத் தீவுகள்' என்ற பொதுப் பெயரில் எங்கும் பொருந்தும் இதழாக மாறும். தீவுக்குள் ஒருவர், வெளியே ஒருவர் என இருவர் தலைமை தாங்கும் ஏற்பாடே எனக்குச் சரியாகப் படுகிறது. தலைமை இரண்டானால் சண்டை வரும் என்பார்கள். வரட்டும், கட்டுரைகளைப் பற்றிச் சண்டை போடாத ஆசிரியர் குழு எதற்கு?

விளம்பரம் கொடுத்துத் தேர்வு செய்வது பற்றி இரண்டு வார்த்தை. வெளிநாட்டுச் சங்கங்கள் பல, ஆசிரியரின் காலம் முடிவதற்கு ஓராண்டுக்கு முன்பே அறிவிப்பு வெளியிட்டு, தேடல் குழு அமைத்து, விண்ணப்பதாரரிடம் இதழை எங்கே கொண்டு போவீர்கள் என்று எழுதி வாங்குகின்றன. நம் சங்கங்களில் பொதுக்குழுக் கூட்டத்தின் கடைசியில், தேநீர் வருவதற்கு முன், 'சாரே பார்த்துக்கட்டும்' என்று முடிந்துவிடும். விண்ணப்பம் வாங்குவது நல்லது. சரிபார்க்காமல் வாங்கினால் அதுவே ஆபத்து. 2015இல் போலந்து ஆய்வாளர்கள் சிலர் இல்லாத ஒரு பெண்ணைப் படைத்து, 'ஷுஸ்ட்' என்று பெயர் வைத்து, 360 இதழ்களுக்கு ஆசிரியர் குழுவில் சேர விண்ணப்பித்தார்கள். ஆய்வுக் கட்டுரையும் அனுபவமும் இல்லாத அந்தப் பெண்ணை 48 இதழ்கள் ஏற்றன. நான்கு இதழ்கள் நேரடியாகத் தலைமைப் பதிப்பாசிரியராகவே நியமித்தன. முடிவு 2017இல் 'நேச்சர்' இதழில் வந்தது. அவற்றில் பெரும்பாலானவை காசு பறிக்கும் போலி இதழ்கள் என்பது ஆறுதல். ஒழுங்கான திறந்தநிலை இதழ்களின் பட்டியலில் இருந்தவையும் சில ஏற்றன என்பது ஆறுதல் இல்லை.

போலிகளின் கதையில் நமக்கும் பங்கு உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கையைக் கட்டாயமாக்க, ஏற்கப்பட்ட இதழ்களின் பட்டியல் ஒன்று பெருகியது. 2018இல் பூஷண் பட்வர்தன் குழுவினர் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் அதை ஆராய்ந்தபோது, பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்துச் சேர்ந்தவற்றில் மிகப் பெரும்பான்மை தரமற்றவை என்று தெரிந்தது. அதே ஆண்டு மே மாதம் 4,305 இதழ்கள் நீக்கப்பட்டன. பிறகு 'கேர்' பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதுவும் கைவிடப்பட்டது. இந்த ஊஞ்சலில் அடிபடுபவை போலிகள் மட்டுமல்ல, நேர்மையான சின்ன இதழ்களும்தான். பட்டியலில் இல்லாத இதழுக்கு இளம் ஆய்வாளர் கட்டுரை அனுப்ப மாட்டார். அதனால் புதிய ஆசிரியரைத் தேடும்போது 'நீங்கள் வந்தால் ஸ்கோபஸில் ஏற்றிவிடுவீர்களா?' என்பதே முதல் கேள்வியாகிவிடுகிறது. ஏற்றுவது தவறில்லை. ஆனால் குறித்த நாளில் வெளிவருவது, மதிப்பீட்டு முறையை வெளிப்படையாக வைப்பது, பின்னிதழ்களை இணையத்தில் ஒழுங்காக ஏற்றுவது ஆகியவை நடந்தால் அது பின்னால் வரும். குறுக்கு வழியில் வந்தால் பின்னால் போகவும் செய்யும்.

உதவிக் கைகள் என்று மேலே சொன்னேன். அதுவே பணத்தின் கேள்வி. 'நேச்சர்' போன்ற இதழ்களின் ஆசிரியர்கள் முழுநேரச் சம்பளக்காரர்கள். ஆய்வகத்தை விட்டுவிட்டு வந்தவர்கள். 2018இல் அதன் முதல் பெண் தலைமையாசிரியரான மக்டலீனா ஸ்கிப்பரும் அந்த வழியில் வந்தவரே. இந்தியாவில் சி.எஸ்.ஐ.ஆரின் பதிப்பு நிறுவனமும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகமும் தம் இதழ்களுக்கு முழுநேரப் பதிப்பாளர்களை வைத்திருக்கின்றன. சங்க இதழ்களுக்கு அந்த வசதி கிடையாது. பெங்களூரில் 1932இல் தொடங்கிய 'கரண்ட் சயின்ஸ்' இதழை 1995 முதல் 2013 வரை பி. பலராம் நடத்தினார், அதில் 2005 முதல் அவர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகவும் இருந்தார். அவருடைய தலையங்கங்களுக்காகவே இதழைப் புரட்டியவர்கள் உண்டு. அவருக்குப் பின்னால் ஓர் அலுவலகம் இருந்தது என்பதை மறந்துவிட்டு 'ஒரு பலராம் கிடைத்தால் போதும்' என்று பேசுவது வீண். கோவையிலிருந்து வரும் 'ஜர்னல் ஆஃப் திரெட்டண்ட் டாக்ஸா' இதழையும் பாருங்கள். சாலி வாக்கர் உருவாக்கிய விலங்குக்காட்சிச்சாலை அமைப்பின் இதழ்களிலிருந்து கிளைத்து, 2009 முதல் சஞ்சய் மோலூர் தலைமையில் வருகிறது. அந்தமான் விலங்குகளைப் பற்றிய குறிப்புகளும் அதில் வந்திருக்கின்றன. அங்கும் ஆசிரியருக்குப் பின்னால் ஓர் அமைப்பு இருக்கிறது. அந்தமான் இதழ் ஒன்றுக்கு இதைவிடக் குறைவாகவே போதும்: சம்பளத்துக்கு ஒரு நிர்வாக உதவியாளர், அவருக்கு ஒரு கணினி, யார் ஆசிரியரானாலும் மாறாத ஒரு மின்னஞ்சல். ஆசிரியருக்கு மதிப்பூதியம் தராவிட்டாலும் பரவாயில்லை. அவருடைய நிறுவனம் இந்த வேலையை அவருடைய ஆண்டு மதிப்பீட்டில் வேலையாகக் கணக்கிட வேண்டும்.

காலவரையில் இரண்டு தீவிரங்களும் உண்டு. நார்மன் லாக்யர் 1869 முதல் ஐம்பது ஆண்டுகள் 'நேச்சர்' ஆசிரியராக இருந்தார். தமிழ் ஆய்வுலகில் தனிநாயகம் அடிகள் 1952இல் தொடங்கிய 'தமிழ் கல்ச்சர்' காலாண்டிதழ், அவர் 1961இல் மலாயாப் பல்கலைக்கழகம் சென்ற பிறகு சில ஆண்டுகளே ஓடியது. ஒருவர் மிக நீண்ட காலம் இருந்தால் இதழ் அவர் சாயலாகிவிடும். அவர் போனால் நின்றுவிடும் என்றால் முன்பே அவர் சாயலாகிவிட்டது என்று பொருள். நான்கு ஆண்டு, ஒருமுறை நீட்டிக்கலாம், அதற்கு மேல் கிடையாது என்று வைப்பது எனக்கு நியாயமாகப் படுகிறது. தீவில் நான்காண்டு என்றால் மாற்றலோடு மோதும். அதனால்தான் காலவரை நபருக்கு இருக்க வேண்டும், அவருடைய ஊருக்கு இருக்கக் கூடாது: போர்ட் பிளேரிலிருந்து கட்டாக்குக்கு மாற்றலான ஆசிரியர் மீதிக் காலத்தையும் கட்டாக்கிலிருந்தே முடிக்கலாம். முடிக்க விடாமல் புதிதாக வந்த அலுவலரைப் பதவிவழியாக அந்த நாற்காலியில் உட்கார வைப்பதே பல சின்ன இதழ்களின் நோய்.

உரிமை விஷயத்தில் நம் சங்கங்கள் ஒரு விதத்தில் பணக்கார நாடுகளைவிட நல்ல நிலையில் இருக்கின்றன. 2006இல் 'டோபாலஜி' இதழின் ஆசிரியர் குழு முழுவதும், விலையேற்றத்தை எதிர்த்து, எல்செவியர் நிறுவனத்திடமிருந்து விலகியது. 2015இல் 'லிங்குவா' இதழின் ஆசிரியர்களும் குழுவும் அதே நிறுவனத்திடமிருந்து விலகி 'குளோசா' என்று புதிதாகத் தொடங்கினார்கள். ஆசிரியர்கள் போனாலும் பழைய பெயர் பதிப்பகத்திடமே தங்கிவிட்டது. பெயர் அவர்களுடையதாக இருந்ததே இல்லை. அந்தமான் சங்கம் போன்ற அமைப்புகளில் இதழின் பெயர் அவற்றின் கையிலேயே இருக்கிறது. வெளிப் பதிப்பகத்திடம் ஒப்படைத்தால் சுமை குறையும் என்று யாராவது சொன்னால், ஒப்பந்தத்தில் முதலில் படிக்க வேண்டியது பெயர் யாருக்கு என்ற வரியைத்தான்.

கடைசியாகக் கைமாற்றம், எல்லாத் திட்டமும் கவிழும் இடம். பல இதழ்களில் ஆசிரியர் மாறும்போது புதியவருக்குக் கிடைப்பது ஒரு மாலையும் ஒரு பென்டிரைவும். பாதியில் நிற்கும் கட்டுரைகள் யாரிடம், எந்த மதிப்பீட்டாளருக்கு எப்போது நினைவூட்டியது, இணையதளத்தின் கடவுச்சொல் எது, டொமைன் யார் பெயரில் இருக்கிறது, ஆண்டுக் கட்டணம் எப்போது என்பவை பழைய ஆசிரியரின் சொந்த மின்னஞ்சலில் தங்கிவிடும். அவர் போர்ட் பிளேர் விமான நிலையத்தில் ஏறியதும் அவையும் ஏறிவிடும். தேர்வு அறிவிப்பை ஜனவரியிலேயே வெளியிட்டு, மார்ச்சுக்குள் ஆளை முடிவு செய்து, இரண்டு இதழ்களைப் பழையவரும் புதியவரும் சேர்ந்து நடத்துவது என்று விதி வைத்தால், கோடையில் வரும் மாற்றல் உத்தரவு இதழைத் தொடாது. அந்த இரண்டு இதழ்களில் முதலாவதின் முடிவுகளைப் பழையவர் எடுக்க, புதியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டாவதில் மாறிக்கொள்ளலாம்; முன்னவர் ஏற்றுக்கொண்ட கட்டுரைகளைப் பின்னவர் மறுக்கக் கூடாது என்பதையும் அதே விதியில் எழுதிவிடுவது நல்லது, பாதித் தகராறு அங்கேதான் வருகிறது.